பரங்கிக்காய்க்குத் தடை

கில்லமோரில் பரங்கிக்காய்க்குத் தடை விதிக்கப்பட்டது அக்டோபர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், சர்ச் மண்டபத்தில், தேநீருக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவே. விதித்தவர் மாலக்கி டூஹி. நிலத்தையும் மாட்டையும் ஏலம் விடுவது அவர் தொழில். மிச்ச நேரத்தில் எங்கள் பண்பாட்டைக் காப்பாற்றுவார். பண்பாடு அவரிடம் வந்து காப்பாற்றச் சொல்லிக் கேட்டதா என்று விசாரித்தவர் யாருமில்லை. மரபுக் குழுவுக்குத் தலைவர், கால்பந்து மன்றத்துக்குப் புரவலர், நான் தலைமையாசிரியராக இருக்கும் பள்ளியின் நிர்வாகக் குழுவுக்கும் தலைவர். ஊரில் எதற்காவது தலைமை தேவைப்பட்டால் டூஹி ஏற்கெனவே மேடையில் நின்றுகொண்டிருப்பார்.

அயர்லாந்து நாட்டிலேயே சிறப்பாக ஹாலோவீன் கொண்டாடும் ஊருக்கு டப்ளினில் ஓர் அறக்கட்டளை விருது அறிவித்திருந்தது. விருது என்ற சொல் காதில் விழுந்ததும் டூஹிக்கு மூதாதையர் நினைவு வந்துவிட்டது.

“பரங்கிக்காய் நம்மளோடது இல்ல” என்றார். “அமெரிக்காக்காரன் நம்ம தலையில கட்டினது. இந்த வருஷம் டர்னிப்தான். பிளாஸ்டிக் முகமூடி கிடையாது. கடை மிட்டாய் கிடையாது. நம்ம முன்னோருங்க என்னென்ன செஞ்சாங்களோ, அதையெல்லாம் அப்படியே செய்யப் போறோம்.”

பேக்கரி வைத்திருக்கும் ஜார்லத் கையைத் தூக்கினான். “எல்லாமேவா, மாலக்கி?”

“ஒண்ணு விடாம!”

கைதட்டல். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கிழட்டு விவசாயிகள் சிலர் கைதட்டவில்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் வாலிபத்தில் ஹாலோவீன் என்றால் அடுத்தவன் வீட்டு இரும்புக் கேட்டைக் கீலோடு கழற்றிக்கொண்டு போய்ச் சம்பந்தமே இல்லாத ஒரு வயலில் நட்டுவிட்டு வருவது. வண்டியைப் பிரித்து எடுத்துப் போய்க் கூரை மேல் திரும்பப் பூட்டி வைப்பதும் உண்டு. இதில் ஒரே ஒரு சட்டம்: பறிகொடுத்தவன் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் அடுத்த வருஷமும் அவன் வீடுதான்.

கூட்டம் முடிந்ததும் டூஹி என்னையும் டெர்வ்லா கார்மடியையும் ஓரமாக அழைத்தார். டெர்வ்லா எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. தற்காலிகம். இதற்கு முன் நான்கு ஊர்களில் தற்காலிகமாக இருந்தவள். பேக்கரிக்கு மேல் உள்ள அறையில் குடியிருந்தாள். எங்கள் ஊருக்கு வந்தபிறகுதான் வாழ்க்கையில் முதன்முறையாகச் சொந்தமாக ஒரு கட்டில் வாங்கியிருந்தாள். அந்த வேலை இப்போது நிரந்தரமாக்கப்பட இருந்தது. ஹாலோவீன் விடுமுறை முடிந்ததும் நேர்காணல். தேர்வுக் குழுவில் நாங்கள் நால்வர்: தலைவர் டூஹி, ஜார்லத், தபால் நிலையம் நடத்தும் நோரீன் கெரட்டி, நான்.

“மிஸ் கார்மடி, விருது குடுக்குறதுக்காக டப்ளின்லேருந்து டாக்டர் ஹானரியா லவெல் வர்றாங்க. முதல்ல என் வீட்டு வாசலுக்குத்தான். உங்க பிள்ளைங்க வேஷம் போட்டு வந்து, ஹாலோவீன் எப்படிப் பொறந்துச்சுன்னு சொல்லணும். வசனம் நானே எழுதியிருக்கேன்.”

டூஹியின் வசனப்படி, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கில்லமோர் குன்றின் உச்சியில் உலகத்தின் முதல் ஹாலோவீன் நெருப்பை ஏற்றியவர் ஒரு தலைமைப் பூசாரி. பூசாரியின் பெயர் டூஹி.

“இது நல்லபடியா நடந்தா நேர்காணலைப் பத்தி நீங்க யோசிக்கவே வேண்டாம்” என்று சிரித்தார். நடக்காவிட்டால் என்ன என்பதை அந்தச் சிரிப்பே சொல்லிவிட்டது. அவருடைய தங்கை மகள் ஒருத்தி ஆசிரியைப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள்.

மண்டபத்துக்கு வெளியே வந்ததும் டெர்வ்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “மாஸ்டர், குடும்பப் பேரு வைக்கிற வழக்கமே அதுக்கு எவ்வளவோ நூற்றாண்டு கழிச்சுத்தான் வந்துச்சு. எட்டு வயசுப் பிள்ளைங்க வாயில இந்தப் பொய்யை நான் எப்படிப் போடறது?”

“போடலேன்னா கட்டிலை மறுபடி வண்டியில ஏத்தணும்மா.”

“அந்தக் கட்டில் மாடிப்படியில ஏறுறதுக்கே கைப்பிடியைக் கழட்ட வேண்டியிருந்துச்சு, மாஸ்டர்.”

“அப்போ யோசிச்சு முடிவு பண்ணு” என்றேன். தலைமையாசிரியர்கள் இந்த அளவுக்குத்தான் உதவுவார்கள்.

விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவள் வகுப்பின் பக்கம் போனேன். மேசை மேல் ஒரு டர்னிப் கிழங்கு. உள்ளே குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, மெழுகுவத்தி ஏற்றியிருந்தாள். டர்னிப்பைக் குடைவது கல்லைக் குடைவதற்குச் சமம். அவள் விரல்களில் மூன்று பிளாஸ்திரிகள். சூடேறிய டர்னிப்பின் நாற்றம் நடைபாதை வரை வந்தது.

“ரொம்பக் காலத்துக்கு முன்னால நம்ம நாட்டுல இந்த நாளுக்கு ‘சவின்’னு பேரு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். “அறுவடை முடிஞ்சாச்சு. மேட்டுல மேய விட்ட மாட்டையெல்லாம் கீழே ஓட்டிக்கிட்டு வந்தாச்சு. இனிமே குளிர்காலம், இருட்டு. இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற கதவு அன்னைக்கு ராத்திரி கொஞ்சம் திறந்துக்கும்னு ஜனங்க நம்பினாங்க.”

“எந்தப் பக்கம் டீச்சர்?”

“செத்துப் போனவங்க பக்கம். மலைக்குள்ள குடியிருக்கிற மாயக்காரங்க பக்கம். செத்துப்போன சொந்தக்காரங்க வீடு தேடி வருவாங்கன்னு கதவைத் தாழ் போடாம, அடுப்புகிட்ட ஒரு நாற்காலியும் போட்டு வைப்பாங்க. வேண்டாதவங்க வந்துட்டா? அதுக்குத்தான் முகமூடி. நீ யாருன்னு பேய்க்குத் தெரியலேன்னா உன்னை ஒண்ணும் பண்ணாது.”

“அப்புறம் சர்ச் ஒண்ணும் சொல்லலையா?” இது ஈமர். முன்வரிசை. கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவள்.

“சர்ச் அடுத்த நாளைப் புனிதர்கள் எல்லாருக்குமான நாள்னு வச்சுது. அதுக்கு மறுநாள் இறந்தவங்களுக்கு. புனிதர்கள் நாளுக்கு முந்தின ராத்திரிங்கறதுதான் ஹாலோவீன்ங்கற பேரு. ஏன் அந்தத் தேதியை எடுத்தாங்கன்னு படிச்சவங்க இன்னும் சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க.”

“பழைய பூசாரிங்க என்ன எழுதி வச்சிருக்காங்க டீச்சர்?”

“அவங்க ஒண்ணுமே எழுதலை. எல்லாம் மனசுலதான். நமக்குத் தெரிஞ்ச கதை முக்காவாசியும் பின்னால வந்த கிறிஸ்துவத் துறவிங்க எழுதி வச்சது.”

ஈமர் மறுபடியும் கையைத் தூக்கினாள். “அப்போ மிஸ்டர் டூஹியோட தாத்தா பேரை யார் எழுதி வச்சா?”

டெர்வ்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. நானும் நடைபாதையில் எதையோ தேடுவதுபோல் குனிந்தேன்.

“பரங்கிக்காய் எப்ப வந்துச்சு?” என்றான் டைக் என்ற பையன்.

“நம்ம ஆளுங்க பஞ்சத்துல கப்பலேறி அமெரிக்கா போனாங்க இல்லையா, இந்த வழக்கத்தையும் கூடவே எடுத்துக்கிட்டுப் போனாங்க. அங்கே பார்த்தா டர்னிப்பை விடப் பெரிசா, மெதுவா, குடையறதுக்கு லகுவா பரங்கிக்காய் கெடைச்சுது. அப்புறம் அதுவே இங்கே திரும்பி வந்துச்சு.”

“எங்க பெரியப்பா மாதிரி” என்றான் டைக். “பாஸ்டன் போகும்போது டர்னிப் மாதிரி இருந்தாராம். திரும்பி வந்தப்போ பரங்கிக்காய் மாதிரி இருந்தாரு. ஆனா எங்கப்பா அவரை வீட்டுக்குள்ள விட்டாரு.”

அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு டெர்வ்லா டூஹியின் வசனத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லை. அதை எனக்குத் தெரிவித்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. குரல் மட்டும் உறுதியாக இருந்தது. நான் மறுபடியும் யோசித்து முடிவு பண்ணச் சொன்னேன். பண்ணியாகிவிட்டது என்றாள்.

ஹாலோவீன் அன்று மாலை இருட்டத் தொடங்கும்போதே டூஹியின் கேட் போய்விட்டது. இரண்டு இரும்புச் சிங்கங்கள் பதித்த, பொத்தானை அமுக்கினால் திறக்கும் கேட். கால்பந்து மைதானத்தில் கோல் கம்பத்துக்கு முன்னால் அது நிற்பதாகவும், சிங்கங்கள் நன்றாகக் கோல் காப்பதாகவும் செய்தி வந்தது. டூஹி போலீஸ் சார்ஜெண்டைப் போனில் கூப்பிட்டார். “ஒண்ணு விடாமன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?” என்றார் சார்ஜெண்ட். அவர் குரலுக்குப் பின்னால் டிராக்டர் சத்தம் கேட்டது.

அதே நேரத்தில் பேக்கரியின் பின்கட்டில் பெரியவர்கள் வேஷம் கட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கத்து வழக்கம் இது: ஆண் பெண் உடுப்பிலும் பெண் ஆண் உடுப்பிலும், முகத்தில் துணியோ வைக்கோலோ கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவது. பெரியவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. குரல் காட்டிக் கொடுத்துவிடும். வீட்டுக்காரர் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று தரம் தவறினால் தோற்றார். வந்தவர்களுக்கு உள்ளே வைத்துத் தீனி போட வேண்டும், முகமூடியைக் கழற்றச் சொல்லவும் கூடாது. நான் என் மனைவியின் பூப்போட்ட மேலங்கியில் இருந்தேன். கச்சிதமாகப் பொருந்தியது வருத்தமாக இருந்தது.

அப்போது உயரமான ஒரு பெண்மணி கடைக்குள் வந்து தேநீர் கேட்டார். ஹானரியா லவெல்தான். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். எங்கள் கோலத்தைப் பார்த்ததும் வழி கேட்கவில்லை, “நானும் வரலாமா?” என்றுதான் கேட்டார்.

“விருது குடுக்குறவங்க நீங்க. உங்களுக்கு எதுக்கும்மா வைக்கோல்?” என்றாள் நோரீன். அவள் தன் புருஷனின் கோட்டில் இருந்தாள்.

“விருது குடுக்குறவன்னு தெரிஞ்சா எல்லாரும் எங்கிட்ட மேடைப்பேச்சுதான் பேசுறாங்க. இந்த வருஷம் இது ஒன்பதாவது ஊரு. ஒரு தடவையாவது முகமில்லாம போய் நிக்கணும்.”

ஜார்லத் வைக்கோல் தொப்பியை அவர் முகம் மறையக் கழுத்து வரை இழுத்துவிட்டான். ஆணியில் மாட்டியிருந்த ஒரு மஞ்சள் மழைக்கோட்டை எடுத்துக் கொடுத்தான். “மழை வந்தாலும் வரும். இதைப் போட்டுக்குங்க. மேல் அறையில இருக்கிற டீச்சரோடது. அவ பிள்ளைங்களைச் சேர்க்கப் போயிட்டா.”

அந்த மழைக்கோட்டை ஊரே அறியும். கில்லமோரில் மழை இல்லாத நாளும் குறைவு, மஞ்சள் நிறத்தில் உடுத்துபவர்களும் குறைவு. ஜார்லத் மழைக்காகத்தான் அதைக் கொடுத்தானா என்று நான் அவனைப் பார்த்தேன். அவன் முகத்தில் ஏற்கெனவே சாக்குத்துணி இருந்தது.

கேட் இல்லாததால் நேராக டூஹியின் தோட்டத்துக்குள் நடந்தோம். ஏழெட்டுப் பேர் இருப்போம். கதவைத் தட்டினோம். டூஹி பட்டுக் கழுத்துப்பட்டையோடு திறந்தார். டப்ளின் கார் வருகிறதா என்று எங்கள் தலைக்கு மேலே எட்டிப் பார்த்தார். பிறகு மஞ்சள் கோட் கண்ணில் பட்டது.

“ஓ, மிஸ் கார்மடியா! கண்டுபிடிச்சுட்டேன் பார்த்தீங்களா?” கோட்டின் கையைப் பிடித்து வாசற்படியின் ஓரத்துக்கு இழுத்தார். குரலைத் தாழ்த்தினார். ஏலக்காரர் குரலைத் தாழ்த்தினால் இரண்டு வயலுக்கு அப்பால் உள்ள மாட்டுக்கு மட்டும்தான் கேட்காது.

“பிள்ளைங்க எங்கே? நான் எழுதுனதுல ஒரு எழுத்து மாறக் கூடாது, புரியுதா? அந்த டப்ளின் அம்மாவுக்குப் பட்டம்தான் நீளம், விஷயம் பூஜ்யம். விஸ்கியை ஊத்தி, மலையைக் காட்டினா, கன்னுக்குட்டி மாதிரி பின்னாலேயே வருவா. உங்க நேர்காணலை நினைச்சுப் பயப்படாதீங்க. குழுவா அது? ஜார்லத் ஒரு மாவு மூட்டை. நோரீனுக்கு அடுத்தவங்க கடுதாசியை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கவே நேரம் பத்தாது. மாஸ்டருக்கு முதுகெலும்பு இருந்தா அதைப் பென்ஷனுக்கு அடகு வச்சிருப்பாரு. நான் கண்ணைக் காட்டினா மூணு பேரும் கையைத் தூக்குவாங்க. இன்னைக்கு வசனம் பிசகினா என் தங்கச்சி மகளுக்காகத் தூக்குவாங்க. அவ்வளவுதான்.”

பூப்போட்ட மேலங்கிக்குள் எனக்கு வியர்த்தது. பக்கத்தில் நோரீனின் மூச்சு புருஷனின் கோட்டுப் பொத்தான்களைச் சோதித்துக்கொண்டிருந்தது. ஜார்லத் அசையவே இல்லை.

மஞ்சள் கோட் மெல்ல இடமும் வலமும் தலையை ஆட்டியது.

“என்ன, இல்லையா?” டூஹி சிரித்தார். “விளையாடாதீங்க.”

மறுபடியும் தலையாட்டல். அப்போதுதான் அவர் கோட்டுக்குள் இருந்த ஆளின் உயரத்தைப் பார்த்தார். டெர்வ்லா அவர் தோளுக்குத்தான் வருவாள். இந்த வைக்கோல் அவர் நெற்றியைத் தொட்டது.

“நோ... நோரீனா?”

தலையாட்டல்.

அவர் எங்களைப் பார்த்தார். ஒவ்வொரு சாக்கையும், ஒவ்வொரு துணியையும். எங்கோ ஒரு வெடி வெடித்தது.

“ஜார்லத்து?” என்றார், கேட்கும் குரலில் அல்ல, கெஞ்சும் குரலில்.

தலையாட்டல். மூன்று முடிந்தது. தோற்றவர் கதவை விரியத் திறந்து விலகி நின்றார்.

டப்ளின் அம்மாவுக்காக வைத்திருந்த மேசையில் எங்களை உட்கார வைக்க வேண்டியதாயிற்று. உலர்திராட்சை போட்ட பிராக் ரொட்டி வெட்டினார். அதற்குள் ஒரு மோதிரத்தைப் போட்டுச் சுடுவது வழக்கம். கிடைத்தவருக்கு ஒரு வருஷத்துக்குள் கல்யாணம். நாங்கள் முகத்துணியை வாய் வரைக்கும் மட்டும் தூக்கித் தின்றோம். டூஹி தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு தாடையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் தாடையருகே கொஞ்சம் நின்றார். நான் ரொட்டியை முழுசாக வாய்க்குள் தள்ளிக்கொண்டேன். அதில் மோதிரம் இருந்தது. பல் போனாலும் பரவாயில்லை என்று சத்தமில்லாமல் மென்றேன். பிறகு எல்லோரும் எழுந்து தலை வணங்கிவிட்டு, ஒரு சொல் பேசாமல் இருட்டுக்குள் போனோம்.

முகத்தைக் கழுவிக்கொண்டு சொந்த உருவத்தில் நாங்கள் திரும்பி வந்தபோது பிள்ளைகள் வாசலில் வரிசையாக நின்றார்கள். டெர்வ்லா ஜார்லத்தின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு குளிரில் நடுங்கியபடி அவர்களுக்குப் பின்னால் இருந்தாள். டூஹி அவளைப் பார்த்தார், அவள் உடுப்பைப் பார்த்தார். அவர் உதடு ஏதோ கணக்குப் போட்டது. விடை தேட அவசியமிருக்கவில்லை. ஹானரியா லவெல் தோட்டப் பாதையில் ஏறி வந்தார், தலையில் ஒரு வைக்கோல் துரும்பு, கைமேல் மஞ்சள் கோட்.

“ரொம்ப நன்றி, மிஸ் கார்மடி. மழை வரவே இல்லை” என்று கோட்டைக் கொடுத்தார். டூஹியைப் பார்த்துப் புன்னகைத்தார். “வணக்கம் சார். விஸ்கி இப்ப வேண்டாம். முதல்ல பிள்ளைங்க சொல்றதைக் கேட்போம்.”

டூஹி பிள்ளைகள் பக்கம் திரும்பினார். “பிள்ளைங்களா...” என்றார். “நீங்க... உங்க டீச்சர் சொல்லிக் குடுத்த மாதிரியே சொல்லுங்க.”

டெர்வ்லா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் வானத்தைப் பார்த்தேன்.

பிள்ளைகள் சொன்னார்கள். மாடு மேட்டிலிருந்து இறங்கியது, கதவு திறந்தது, அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டது, கப்பல் ஏறியது எல்லாவற்றையும். டர்னிப்பாக நின்ற டைக், பாஸ்டனிலிருந்து திரும்பும்போது சட்டைக்குள் இரண்டு தலையணையைச் செருகிக்கொண்டு பரங்கிக்காயாக வந்தான். “உன்னை யாருன்னே தெரியலையேடா!” என்று மற்றவர்கள் கத்தினார்கள். “குளிருதுடா, முதல்ல உள்ள விடுங்கடா!” என்றான் அவன். முன்னால் வந்து ஈமர் முடித்தாள்: “முதல் நெருப்பை யார் ஏத்தினாங்கன்னு யாருக்கும் தெரியாது. தெரியும்னு யாராவது சொன்னா, எப்படித் தெரியும்னு கேக்கணும்.”

முதலில் கைதட்டியவர் டூஹி. மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டினார்.

விருது எங்களுக்குக் கிடைக்கவில்லை. கார் அளவு பரங்கிக்காய் வளர்த்த பக்கத்து ஊருக்குப் போயிற்று. ஹானரியா லவெல் தமக்கு மாலையில் நடந்ததைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. முகமூடிக்குள் போனவர்களும் பேசவில்லை. பேசினால் யார் போனார்கள் என்று தெரிந்துவிடும். அதனால் டூஹிக்கு அந்த வாசற்படியில் நின்ற மற்றவர்கள் இன்னார் என்று கடைசி வரை தெரியாது. அவருக்கு எல்லார் மேலும் சந்தேகம். எல்லாருக்கும் வணக்கம் சொன்னார். பேக்கரியில் போய்த் தேவைக்கு மேல் ரொட்டி வாங்கினார். தபால் நிலையத்தில் தொப்பியைக் கழற்றினார். முன்பின் தெரியாத ஒரு மாட்டு வியாபாரியிடம், எதற்கும் இருக்கட்டும் என்று, மன்னிப்புக் கேட்டதாகவும் சொல்கிறார்கள். இருட்டில் முகம் தெரியாத ஒன்றுக்குப் பயந்து நடந்த பழங்காலத்து மனிதர்களை அவர் அளவுக்கு அச்சாகப் பின்பற்றியவர்கள் மேற்கு அயர்லாந்தில் யாரும் இல்லை.

நேர்காணல் நாளன்று டெர்வ்லா கையை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் நால்வருக்கும் எதிரே உட்கார்ந்தாள். நோரீன் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள். கேள்வி கேட்க நான் வாயெடுப்பதற்குள் டூஹி எழுந்து நின்றுவிட்டார்.

“என் அபிப்பிராயத்தை முதல்லயே சொல்லிடறேன். இப்படி ஒரு ஆசிரியை இந்தப் பள்ளிக்குக் கிடைச்சது பாக்கியம். என் தங்கச்சி மக விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கிட்டா. அவளுக்கு... கால்வே டவுன்ல வேற இடம் பார்த்திருக்கு.” எங்கள் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். “குழு என்ன நினைக்குது? தாராளமா சொல்லுங்க. உங்க இஷ்டம்தான்.”

மூன்று கைகள் உயர்ந்தன. யாரும் கண்ணைக் காட்டவில்லை.

“மிஸ் கார்மடி, உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?”

டெர்வ்லா ஒரு கணம் தயங்கினாள். இத்தனை ஊரில் அவளிடம் இப்படிக் கேட்டவர்கள் இல்லை போலும். “என் வகுப்பு ஜன்னல் சரியா சாத்த மாட்டேங்குது, மிஸ்டர் டூஹி. பிள்ளைங்க கோட்டைக் கழட்டவே முடியல.”

“நாளைக்கே ஆளை அனுப்பறேன்!”

ஜார்லத் மேசை மேல் முன்னால் சாய்ந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு அவளுக்குக் கேட்கும்படி முணுமுணுத்தான்:

“ஏம்மா, மவராசன் குடுக்குற மனசுல இருக்காரு. பள்ளிக்கூடத்துக் கூரையையும் கேளு.”